டிரைவர் போன பதின்மூன்று நாள்

ஆன் செய்யாத கம்ப்யூட்டரில் டிரைவர் போய்விட்டது என்று பெண்டாட்டியிடம் சொன்ன ஆம்பிளை, புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் கொம்யூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மணவாளன் ஒருவராகத்தான் இருப்பார்.

சொன்ன நேரம் காலை ஒன்பது மணி. சொன்ன இடம் தோட்டத்தில் துணி துவைக்கும் கல். பதினோரு மாதமாக அவர் உட்காருகிற இடம் அதுதான். கல்லில் உட்கார்ந்து எதிரே இருக்கிற முருங்கை மரத்தைப் பார்ப்பார். துணி துவைக்க வேண்டும் என்று பெண்டாட்டி கோகிலா வந்து நின்றால் எழுந்து நிற்பார். துவைத்து முடித்ததும் ஈரத்தோடு மறுபடி உட்காருவார். அன்று அவள் கையில் துணி எதுவும் இல்லை.

"இன்னாங்க, வர்ற பத்தொம்போதாம் தேதி கீர்த்திக்கு வருஷம் திரும்புது. தெருமுனையில ஒரு பேனர் வெக்கணும். ஊர்ல எல்லாருக்கும் பண்ணிக் குடுத்தீங்க. நம்ம பொண்ணுக்குப் பண்ணுங்க."

கீர்த்தி அவர்களுக்கு ஒரே பெண். பாலிடெக்னிக் முடிக்க ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கும்போது நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபது வயது.

மணவாளனுக்குத் தொழிலே பேனர்தான். வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிசைன் செய்து, மூலக்குளத்தில் இருக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்பி அடித்து வாங்கித் தருவார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கடைசியில் கண்ணீர் அஞ்சலி. இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒருவர் பிறந்து வளர்ந்து போய்ச் சேருவதற்குள் மணவாளன் கையில் நாலைந்து முறை மாட்டாமல் போக முடியாது. அதிலும் கண்ணீர் அஞ்சலியில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஐஸ் பெட்டி வந்து இறங்குவதற்குள் பேனர் வந்து இறங்கிவிடும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம், மூலையில் ஒரு வெள்ளைப் புறா. இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. இருபது நிமிஷ வேலை.

அந்த இருபது நிமிஷ வேலையைத்தான் தன் பெண்ணுக்குச் செய்ய அவரால் முடியாது. தேதி போடுகிற அந்த வலது பக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பேனர்கள் கடைசியில் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். பத்து நாள் வெயிலில் காயும். பதினோராம் நாள் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய் வைக்கோல் போர் மேல் போர்த்துவார்கள். கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டில், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சின்னப்பிள்ளை குளியலறைத் தட்டியாக நின்று கைகூப்பிக்கொண்டிருந்ததை அவரே பார்த்தார். உயிரோடு இருந்தபோது அந்தத் தெருவில் யாரும் அவர் எதிரே பீடி பிடிக்க மாட்டார்கள். மணவாளன் அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வந்தார். இப்போது நினைத்தால் அந்தத் தட்டியில் கீர்த்தி நிற்கிறாள்.

இதையெல்லாம் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னார்.

"பண்ணலாம். ஆனா கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் டிரைவர் போயிடுச்சி. அது இல்லன்னா படம் காட்டாது."

"நீங்க அத ஆன் பண்ணி பதினோரு மாசம் ஆவுது. போனது எப்டித் தெரியும்?"

"போனதாலதான் ஆன் பண்ணல."

கோகிலா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் இப்படிப் பார்த்த போதெல்லாம் மணவாளன் தோற்றுத்தான் போயிருக்கிறார்.

"சரி, ஆன் பண்ணிக் காட்டுங்க. நானும் போனதப் பார்க்கறன்" என்றாள்.

அப்படித்தான் அவர் முன்னறைக்குள் போக வேண்டியதாயிற்று. தூசி தட்டிப் பொத்தானை அமுக்கினார். நன்றி கெட்ட மிஷின், ஒரே அமுக்கில் விழித்துக்கொண்டது. திரையில் ஊசுடு ஏரியும் நாரைகளும் பளிச்சென்று வந்து நின்றன. கீர்த்தி எடுத்த படம். கோகிலா காபியோடு வருவதற்குள் திரையின் அளவை மாற்றி எல்லா எழுத்தையும் எருமை அளவுக்கு ஆக்கிவிட்டு, "பாரு, இதான் டிரைவர் போற லட்சணம்" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். எழுத்து பெரிதாக இருப்பது தன் கண்ணுக்கு இதமாக இருக்கிறது, இப்படியே பேனரைச் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனிப் பொய்யை நிஜமாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மறுநாள் காலை, அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, மணவாளன் டிரைவரைத் தன் கையாலேயே அழித்தார்.

அந்தக் கம்ப்யூட்டரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அதில் முன்பு திருட்டு விண்டோஸ் இருந்தது. வைரஸ் புகுந்து ஆறு வருஷத்து டிசைன்களைத் தின்றுவிட்டது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, கீர்த்திதான் அதைத் துடைத்தெறிந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டு பழையது, செகண்ட் ஹேண்டு. அதற்கு ரெடிமேட் டிரைவர் கிடையாது. மூலக் குறிப்பை, சோர்ஸ் என்பார்கள், இறக்கி நம் மிஷினிலேயே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். கடையில் மாவு பாக்கெட் வாங்காமல் அரிசி உளுந்து ஊறவைத்து நம் வீட்டிலேயே ஆட்டுவது போல. எப்போதாவது திரை மக்கர் செய்தால் கீர்த்தி காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். எப்படிச் செய்தாள் என்று மணவாளன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் இருந்தாள், கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது.

அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்தார். ஏரி வரவில்லை. நாரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. வெற்றிக் களிப்போடு அடித்தார். அடுத்த நொடி திரையில் நாலு வரி வந்து நின்றது. கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். அது தெரிந்து ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி வைத்திருந்தாள்.

"அப்பா, ஸ்கிரீன் கறுப்பா இருக்குதா? பயப்படாத. நீ ஒண்ணும் ஒடச்சிருக்க மாட்ட. ஒடச்சிருந்தாலும் அம்மாகிட்ட சொல்லிக்காத. மொத்தம் ஏழு பக்கம் எழுதியிருக்கன். ஒண்ணு முடிச்சிட்டு அடுத்த நம்பர் அடி. அவசரப்படாத."

திரை கறுத்தால் மட்டும் வருகிற மாதிரி வைத்திருக்கிறாள். அவள் இருந்தவரை அப்பா கறுத்த திரை எதிரே தனியாக உட்கார்ந்ததே இல்லை. அதனால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

மணவாளன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அந்த நாலு வரியைப் பதினைந்து முறையாவது படித்திருப்பார். ரேஷன் அரிசியோடு வந்த கோகிலா, இன்னா ஆச்சு என்று வெளியிலிருந்து கேட்டாள். சுத்தமாகப் போய்விட்டது, கம்பைல் பண்ண வேண்டும், நாள் பிடிக்கும் என்று உள்ளிருந்தே சொன்னார். குரல் உடைந்து வந்தது. டிரைவருக்காக இப்படி அழுகிற மனுஷனை அவள் பார்த்ததில்லை. அரிசியைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அன்றிலிருந்து மணவாளன் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. பேனரும் தள்ளிப் போகும், பெண்ணும் ஒரு வாரம் கூட இருப்பாள். உலகத்தில் யாரும் ரிப்பேர் புத்தகத்தை இப்படி மிச்சம் பிடித்துப் பிடித்துப் படித்திருக்க மாட்டார்கள். காலையில் குளித்து, சட்டை மாற்றி, ஒன்பது மணிக்கு உள்ளே போய்விடுவார். துவைக்கிற கல் காலியாகக் கிடந்தது.

முதல் பக்கத்தில் வயரெல்லாம் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள். இரண்டாம் பக்கம், போனிலிருந்து நெட் கொடுக்கச் சொன்னது. கூடவே ஒரு எச்சரிக்கை. "அப்டேட் பண்ணவான்னு கேக்கும். அத மட்டும் பண்ணிடாதப்பா." இங்கேதான் மணவாளனின் குறுக்குப் புத்தி வேலை செய்தது. செய்யாதே என்றால் அதில் ஏதோ கெடுதல் இருக்க வேண்டும். கெட்டால் இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். செய்துவிட்டார். மத்தியானம் வரை என்னென்னவோ இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் திருப்தியாகச் சாப்பிடப் போனார்.

மூன்றாம் பக்கம் கம்பைல் செய்யத் தேவையான சாமான்களை இறக்குவது. "யெஸ்ஸா நோவான்னு கேக்கும். ஒய் அடி. ஏன் எதுக்குன்னு யோசிக்காத. அம்மா இன்னா சொன்னாலும் சரின்னு மண்டைய ஆட்டுவியே, அதே மாதிரி."

மணவாளன் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி. பதினோரு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு, துருப்பிடித்த கேட் போலக் கிறீச்சிட்டு வந்தது. சிரித்து முடிக்கிற இடத்தில் அழுகை வந்துவிட்டது. அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. கோகிலா கூடத்துக்கு வந்தாள், சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்திருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டார்கள்.

நான்காம் பக்கம் ஹெட்டர் என்று ஒன்றைப் போடச் சொன்னது. லினக்ஸின் அடிவயிற்றுக்குக் கெர்னல் என்று பெயர். டிரைவர் அதோடு ஒட்ட வேண்டுமானால் அந்தக் கெர்னலுக்கு உரிய ஹெட்டர் வேண்டும். போட்டார். ஐந்தாம் பக்கத்தில்தான் கம்பைல். "மேக்குன்னு அடிச்சி எண்டர் தட்டு. எழுத்தா ஓடும். அதையே பாத்துக்கினு ஒக்காராத. போயி சாப்டு. இருபது நிமிஷம் ஆவும்." அவர் சாப்பிடப் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்து ஓடியது. நான்கே நிமிஷத்தில் எர்ரர் என்று நின்றது.

மறுபடி அடித்தார். அதே இடத்தில் நின்றது. அணைத்துப் போட்டு அடித்தார். அதே இடம். அவள் எழுதியதில் இந்த எர்ரரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அவள் வைத்துவிட்டுப் போன சோர்ஸ் அதற்குப் பிடிக்கவில்லை. அவள் போன பிறகு செய்யப்பட்ட கெர்னல் அது. அதைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்.

இத்தனை நாள் முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவருக்கு, முடியாமலே போய்விடுமோ என்று இப்போது வியர்த்தது. நம்பரை அடித்தால் ஆறாம் பக்கமும் ஏழாம் பக்கமும் வந்துவிடும்தான். ஒண்ணு முடிச்சிட்டு அடுத்தது என்று சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவள் சொன்ன எதையும் கேட்டதில்லை, போன வாரம் கூட அப்டேட் விஷயத்தில் கேட்கவில்லை. இதையாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. ஐந்து நாள் போராடினார். போனில் தேடினார். யார் யாரோ எந்தெந்த நாட்டிலிருந்தோ இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருந்த பக்கங்களையெல்லாம் படித்தார். ஃபைலைத் திறந்து ஒரு வரியை அழித்துப் பார்த்தார், நான்கு நிமிஷத்தில் நின்றது இரண்டு நிமிஷத்தில் நின்றது. ஒருமுறை ஏழு நிமிஷம் வரை ஓடி, இவர் நிமிர்ந்து உட்காரும்போது கரண்ட் போனது. தாடியைச் சொறிந்துகொண்டு சோறு வேண்டாம் என்றார்.

பதினெட்டாம் தேதி காலை கோகிலா கதவைத் தட்டவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டாள். போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்தாள். மணவாளன் தடுப்பதற்குள் அது ஆசிபாவுக்குப் போய்விட்டது. ஆசிபா கீர்த்தியோடு படித்தவள், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பத்து நிமிஷத்தில் அவள் பேசி அனுப்பிய பதில் வந்தது. கோகிலா அதைக் காதில் வைத்துக் கேட்டாள், இரண்டு முறை கேட்டாள்.

"புதுசு வந்தாலும் பழசு அழியாதாம்ங்க. உள்ளயேதான் இருக்குமாம். ஆன் பண்ணும்போது ஒரு லிஸ்ட் வரும், அதுல பழைய கெர்னலப் புடிச்சி உள்ள போவணுமாம். ஹெட்டரு இன்னொரு தபா போடணுமாம்."

ஐந்து நாள், இருபத்தெட்டு பக்க இங்கிலீஷ், ஒரு வேளைச் சோறு. கோகிலா அதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, "அப்டேட் யாரு பண்ணதுன்னு ஆசிபா கேக்கறா" என்றும் சொன்னாள். மணவாளன் திரையைப் பார்த்தார்.

பழைய கெர்னலில் நுழைந்தார். ஹெட்டரைப் போட்டார். மேக் என்று அடித்தார். எழுத்து ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷத்தில் எர்ரர் இல்லாமல் முடிந்து அடக்கமாக நின்றது. கோகிலா போகாமல் பின்னாலேயே நின்றிருந்தாள். ஆறாம் பக்கம், இன்ஸ்டால் என்று அடிக்கச் சொன்னது. அடித்தார். கடைசியாக ஏழு என்ற எண்ணை அமுக்கினார்.

"அவ்ளோதாம்பா. பாத்தியா, உன்னாலயே முடிஞ்சிது. ரீபூட் அடி. ஏரி வந்துடும். வர்லன்னா என்னக் கூப்பிடு."

மணவாளன் ரீபூட் அடிக்கவில்லை. கை கீபோர்டு மேல் அப்படியே கிடந்தது. வராமல் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். வராமல் போனால் கூப்பிடலாம். கூப்பிடு என்று அவளே சொல்லியிருக்கிறாள். பிறகு அடித்தார். திரை அணைந்தது, ஒரு நிமிஷம் இருட்டாக இருந்தது, ஏரி வந்துவிட்டது. கீர்த்தி கை வைத்த வேலை எதுவும் ஒருநாளும் சொதப்பியதில்லை.

இனி சொல்லச் சாக்கு இல்லை. கண்ணீர் அஞ்சலி ஃபைலைத் திறந்தார். குத்துவிளக்கு வந்தது, மேகம் வந்தது, புறா வந்தது. அவள் படத்தை நடுவில் வைத்தார். தோற்றம் என்ற இடத்தில் தேதி போட்டார். வலது பக்கம் போனதும் விரல் நகரவில்லை.

"என்னால ஆவாது கோகிலா" என்றார். "டிரைவர் போவல. நான்தான் அழிச்சேன். அவள எவன் வூட்டு மாட்டுக்கொட்டாயிலயோ கட்டித் தொங்கவுட என்னால ஆவாது. நீ இன்னா வேணா நெனச்சிக்க."

உடைந்து அழுதார். கோகிலா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் அழுதாள், ஆனால் அவள் அழுகிறபோது கை சும்மா இருக்காது, முந்தானையால் கீபோர்டில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேனர்ன்றது தெரியாதவங்களுக்குச் சொல்றதுக்குங்க. நம்ம தெருவுல யாருக்கு அவளத் தெரியாது, எழுதி வெச்சிச் சொல்ல?"

மணவாளன் தலை தூக்கினார். "நீதான பேனர் வேணும்ன?"

"எழுந்து வாங்கன்னு ஆறு மாசம் கூப்ட்டன். வர்ல. அவளுக்குப் பேனர்னு சொன்னா அத வெக்காம இருக்கறதுக்காச்சும் இந்த ரூமுக்குள்ள வருவீங்கன்னு பார்த்தன். வந்தீங்க."

பதின்மூன்று நாள் அவளை ஏமாற்றியதாக நினைத்த ஒவ்வொரு காலையும் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது, சட்டை மாற்றிக்கொண்டு போனது உட்பட. கடைசியில் அவர் அந்த ஏழு பக்கத்தைப் பற்றிச் சொன்னார். இனி இல்லை, தீர்ந்துபோய்விட்டது என்றார்.

"ஒண்ணுன்னு அடிச்சா மறுபடி மொதல்லேர்ந்து வராதா?" என்று கேட்டாள் கோகிலா.

அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஃபைலைச் சேமிக்காமல் மூடிவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து ஒன்று அடித்தார். வந்தது. ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டி அவள் உரக்கப் படித்தாள். மண்டையை ஆட்டுகிற இடம் வந்தபோது நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்து, மறுபடி படித்தாள். ஏழு பக்கமும் முடிய அரை மணி ஆயிற்று. என்னக் கூப்பிடு என்ற வரியை அவள் இரண்டாம் முறையும் படித்தாள்.

பிறகு கோகிலா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மூஞ்சக் கழுவிட்டு ஒக்காருங்க. சிவப்பிரகாசம் வூட்டுக் காதுகுத்துக்கு நாளன்னிக்குப் பேனர் குடுத்துடறம்னு போன வாரமே சொல்லிட்டன்."